மூளைக் கட்டி: ஆபரேஷனுக்கு முன் பெட் ஸ்கேன். தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்தில் மூளைக் கட்டி தெரியவருவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நன்றாக இருந்த ஆளுக்குத் திடீரென்று வலிப்பு வரும். இல்லையென்றால் வாரக்கணக்கில் விடாத தலைவலி, காலையில் எழுந்ததும் வாந்தி, ஒரு பக்கக் கை மட்டும் வலுவிழப்பது. உள்ளூரில் ஒரு சி.டி. ஸ்கேன், அப்புறம் ஒரு எம்.ஆர்.ஐ. "கட்டி மாதிரி தெரியுது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று ஒரு கடிதம். அங்கே போனால் நியூரோ சர்ஜன், "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு பெட் ஸ்கேன் எடுத்துடலாம்" என்கிறார்.

நான் அணு மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறவன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்களைப் பார்க்கிறேன். வழியில் டீ குடித்துவிட்டதாலேயே ஸ்கேன் தள்ளிப்போய்த் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. எந்த ஸ்கேன் என்று தெரியாமலேயே பணம் கட்டி எடுத்துவிட்டு, "சர்ஜன் கேட்டது இது இல்லையாம்" என்று மறுபடி வந்து நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட் ஸ்கேன் என்றால், கொஞ்சம் கதிரியக்க மருந்தை ஏற்றி அது உடலில் எங்கே சேருகிறது என்று படமெடுப்பது. ஆனால் அது ஒரே பரிசோதனை கிடையாது. உள்ளே எந்தக் கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது சொல்லும் சேதி மாறிவிடும். "பெட் எடுத்தாச்சா?" என்பதைவிட "எந்த மருந்தில் எடுத்தாங்க?" என்ற கேள்விதான் முக்கியம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். நோயாளி மயங்கிக்கொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலிப்பு விடாமல் தொடர்ந்தாலோ பெட் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டால் உயிரைக் காப்பாற்றும் வேலைதான் முதல் வேலை. இனி சொல்லப்போவதெல்லாம் சில நாட்கள் அவகாசம் இருப்பவர்களுக்கு.

முதல் படி: எம்.ஆர்.ஐ எதுவரை சொல்லும் என்று புரிந்துகொள்ளுங்கள்

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, சுற்றிலும் வீக்கம் எவ்வளவு, பேச்சுக்கும் கை கால் அசைவுக்கும் உரிய பகுதிகளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையெல்லாம் சொல்ல எம்.ஆர்.ஐ-யை மிஞ்சியது எதுவும் இல்லை. பெட் எடுத்தாலும் எம்.ஆர்.ஐ தேவைதான். இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித்தான் படிப்போம்.

கட்டி எவ்வளவு வீரியமானது என்று கேட்டால்தான் எம்.ஆர்.ஐ தடுமாறும். காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி போட்டபின் கட்டி வெள்ளையாக மின்னினால் வீரியமானது, மின்னாவிட்டால் சாதுவானது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த மினுக்கம் காட்டுவது இரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு உடைந்து மருந்து கசிகிறது என்பதை மட்டுமே. செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதை அது நேரடியாகச் சொல்லாது. துளிகூட மின்னாத கட்டி வீரியமானதாக இருப்பதுண்டு. பிள்ளைகளுக்கு வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற கட்டி பளிச்சென்று மின்னும். அதுவோ கிரேடு 1, பெரும்பாலும் முழுதாக எடுத்துவிட்டால் போதும்.

கிரேடு என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த 1 முதல் 4 வரையான வரிசை. 1 மெதுவானது, 4 மிக வேகமானது. பழைய ரிப்போர்ட்டுகளில் இதை ரோமன் எண்ணில் போட்டிருப்பார்கள். 2021-ல் வந்த வகைப்பாட்டிலிருந்து சாதாரண எண்தான். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது மட்டும் போதாது, ஐ.டி.எச். மாற்றம், 1பி/19க்யூ இழப்பு போன்ற மரபணுச் சோதனைகளையும் சேர்த்தே பெயரும் கிரேடும் முடிவாகும் என்று அந்த வகைப்பாடு சொல்கிறது. ஆகவே எம்.ஆர்.ஐ-யோ பெட்டோ கிரேடை முடிவு செய்வதில்லை. சதைப் பரிசோதனைதான் முடிவு செய்யும். அந்தச் சதையை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பெட்டின் வேலை தொடங்குகிறது.

ஏனென்றால் ஒரே கட்டிக்குள் எல்லா இடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பகுதி கிரேடு 2-ஆக இருந்து, ஒரு மூலை மட்டும் 3-ஆகவோ 4-ஆகவோ மாறியிருக்கலாம். சதை எடுக்கும் ஊசி அந்த மூலையைத் தவறவிட்டால் ரிப்போர்ட்டில் "கிரேடு 2" என்று வந்துவிடும். குடும்பம் நிம்மதியாக வீடு திரும்பும். சிகிச்சை பாதியில் நிற்கும். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

எம்.ஆர்.ஐ-யிலேயே பெர்ஃப்யூஷன், ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று இரண்டு கூடுதல் பரிசோதனைகள் உண்டு. ஒன்று கட்டிக்குள் ஓடும் இரத்தத்தின் அளவைப் பார்க்கும், மற்றது அதிலுள்ள கோலின் போன்ற வேதிப்பொருட்களைப் பார்க்கும். சாதாரண எம்.ஆர்.ஐ-யில் இவை இருக்காது. "இதெல்லாம் எடுத்தாச்சா சார்?" என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். சில சமயம் இவற்றிலேயே தேவையான விடை கிடைத்து, பெட் வேண்டாமென்று அவரே சொல்லலாம்.

இரண்டாவது படி: எந்த மருந்தில் பெட்?

பெட் ஸ்கேன் என்றதும் எல்லா இடத்திலும் கிடைப்பது எஃப்.டி.ஜி. அது குளுக்கோஸ் மாதிரியான ஒரு பொருள், அதில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டியிருப்பார்கள். புற்றுநோய் செல் சர்க்கரையை அதிகம் விழுங்கும் என்பதால், உடலின் மற்ற பாகங்களில் எஃப்.டி.ஜி அருமையாக வேலை செய்கிறது. மூளையிலும் 1982-லேயே அமெரிக்காவில் ஜியோவான்னி டி கீரோவும் குழுவினரும் கட்டியின் கிரேடு ஏற ஏற எஃப்.டி.ஜி உறிஞ்சுவதும் ஏறுகிறது என்று காட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால், நல்ல மூளையே சர்க்கரையைத்தான் தின்று வாழ்கிறது. படத்தில் மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பளபளவென்று எரியும். அதற்குள் கட்டியைத் தேடுவது திருவிழாப் பந்தலில் ஒரு சின்ன பல்பைத் தேடுவது போலத்தான். கிரேடு 2 கட்டி பல நேரம் தெரியவே தெரியாது. கிரேடு 3 கட்டிகூட மூளை மேற்பரப்பின் பிரகாசத்தில் மறைந்துபோகலாம்.

அதனால்தான் அமினோ அமில பெட் வந்தது. புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களை வேகமாக வளரும் கட்டி ஏராளமாக உள்ளே இழுக்கும். நல்ல மூளை அவ்வளவாக இழுக்காது. பின்னணி மங்கலாக, கட்டி தெளிவாக நிற்கும். தடுப்பு உடைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆகவே கான்ட்ராஸ்ட்டில் மின்னாத கட்டியையும் இது காட்டும். மூளையின் தாங்கு செல்களிலிருந்து வரும் கிளையோமா வகைக் கட்டிகளுக்கு எஃப்.டி.ஜி-யைவிட அமினோ அமில பெட்டே மேல் என்று நரம்புப் புற்றுநோய் நிபுணர்களின் சர்வதேசக் குழு 2016-ல் பரிந்துரைத்தது.

இதில் மூன்று மருந்துகளின் பெயர் உங்கள் காதில் விழலாம். மெத்தியோனின் மிகப் பழையது, நன்றாக வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள கார்பன்-11 இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மருந்து தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற கருவி அதே ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்தால்தான் சாத்தியம். எஃப்.இ.டி-யும் எஃப்-டோபாவும் ஃப்ளூரின்-18 மருந்துகள். பாதியாக 110 நிமிடம் ஆகும் என்பதால் வெளியே தயாரித்தும் கொண்டுவரலாம். எஃப்-டோபா ஏற்றினால் மூளையின் நடுவில் ஸ்ட்ரியேட்டம் என்ற பகுதி இயல்பாகவே ஒளிரும். கட்டி அதை ஒட்டி இருந்தால் படிப்பது கஷ்டம். வீரியத்தைக் கணிக்க எஃப்.இ.டி-யில் ஒரு தனி வசதி இருக்கிறது, அதை ரிப்போர்ட் பகுதியில் சொல்கிறேன்.

இவை எல்லா இடத்திலும் கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: "இங்கே மூளைக்கு எந்த மருந்து தருவீங்க? அமினோ அமில மருந்து வருமா? எந்தக் கிழமை?"

எஃப்.டி.ஜி-யே சரியான தேர்வாக இருக்கும் இடங்களும் உண்டு. மூளையில் இரண்டு மூன்று கட்டிகள் இருந்தால், நுரையீரல் போன்ற வேறு உறுப்பிலிருந்து பரவியதோ என்ற சந்தேகம் வரும். அப்போது உடல் முழுக்க எஃப்.டி.ஜி எடுத்தால் மூலக்கட்டி பிடிபடலாம். மூளையைத் தொடாமலேயே அங்கிருந்து சதை எடுத்து நோயை உறுதிசெய்ய வழி பிறக்கும். நிணநீர் செல்களில் வரும் புற்றுநோயான லிம்ஃபோமா என்ற சந்தேகம் இருந்தாலும் எஃப்.டி.ஜி நல்லது. அந்தக் கட்டி சர்க்கரையை மிக அதிகமாக இழுக்கும்.

மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமாவுக்கு காலியம்-68 டோட்டாடேட் என்ற வேறொரு மருந்து. கட்டி எலும்புக்குள்ளும் இரத்தக் குழாய் ஓரத்திலும் எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டும். வீரியத்தைச் சொல்ல அது பெரிய துணையில்லை. பெட் வசதி இல்லாத இடத்தில் ஸ்பெக்ட் என்ற பழைய முறையும் உண்டு. டெக்னீசியம்-99எம் கலந்த மருந்தைப் போட்டு காமா கேமராவில் எடுப்பார்கள். செலவு குறைவு, படத்தின் தெளிவும் குறைவு. சின்னக் கட்டிகள் தவறிப்போகும்.

மூன்றாவது படி: ஸ்டீராய்டு பற்றிப் பேசிவிடுங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மூளையில் வீக்கம் இருந்தால் உடனே டெக்சாமெத்தசோன் ஊசியோ மாத்திரையோ தொடங்குவார்கள். தலைவலி ஒரே நாளில் குறைந்துவிடும். பல நோயாளிகளுக்கு அது அவசியம், உயிர்காக்கும் மருந்து. ஆனால் கட்டி லிம்ஃபோமாவாக இருந்தால் ஸ்டீராய்டு பட்டதும் அது சுருங்கிக் கரைந்துவிடும். அப்புறம் சதை எடுத்தால் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். சில வாரங்களில் கட்டி திரும்ப வரும். ஆகவே லிம்ஃபோமா சந்தேகம் இருந்து, நோயாளி நிலைமை தாங்கும் என்றால், சதை எடுக்கும் பயாப்ஸி முடியும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்க நியூரோ சர்ஜன் விரும்புவார். அந்த முடிவு அவருடையது. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உள்ளூரில் என்ன ஊசி, எந்தத் தேதியில், எத்தனை மில்லிகிராம் போட்டார்கள் என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்தத் துண்டுச்சீட்டு சில நேரம் ஃபிலிமைவிட முக்கியமாகிவிடும்.

ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும். சுகரே இல்லாதவருக்கு ஸ்கேன் அன்று காலை 240 காட்டினால் வீட்டார் அதிர்ந்துபோகிறார்கள். எஃப்.டி.ஜி எடுப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே உள்ளூரில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். மூளை ஸ்கேனுக்கு 160-க்குள் இருப்பது நல்லது. பெரும்பாலான மையங்களில் 200-ஐத் தாண்டினால் ஊசி போடாமல் தள்ளிவைப்பார்கள். அமினோ அமில பெட்டில் இந்தக் கண்டிப்பு இல்லை.

நான்காவது படி: எங்கே போவது, என்ன எடுத்துப்போவது

நம் பகுதிக்கு மூன்று பாதைகள். தெற்கே தொப்பூர் கணவாய் தாண்டி சேலம், தருமபுரியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். கிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர். அங்குள்ள சி.எம்.சி-யில்தான் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நியூரோ சர்ஜரி பிரிவைத் தொடங்கினார். வடக்கே பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கம். மூளை, நரம்பு, மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே, சில்க் போர்டு தாண்டியதும் இருக்கிறது, கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை அதற்குப் பக்கத்திலேயே. பெட்டையும் எம்.ஆர்.ஐ-யையும் ஒரே படுக்கையில் ஒரே நேரத்தில் எடுக்கும் கருவி நிம்ஹான்ஸில் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் காட்டி, முறையான பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. போகிற இடத்தில் காப்பீடு கேட்கும்போது அந்தக் கடிதம் உதவும்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஆபரேஷன் எங்கே என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த சர்ஜன் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் மருந்தில் பெட் எடுங்கள். வசதியான ஏதோ ஓர் ஊரில் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு போனால் பாதி நேரம் அது பயன்படாமல் போகிறது. ஆபரேஷனின்போது சர்ஜனுக்குப் படத்தைப் பார்த்து வழிகாட்டும் நேவிகேஷன் கருவியில் ஏற்ற முடியாத வடிவத்தில் படம் இருக்கும், அல்லது மருந்தே வேறாக இருக்கும்.

எடுத்துப்போக வேண்டியதில் முதலிடம் எம்.ஆர்.ஐ படங்கள் பதிந்த சி.டி தட்டுக்கு. ஃபிலிம் மட்டும் போதாது. பெட் படத்தோடு பொருத்துவதற்கு அந்தத் தட்டில் உள்ள டைக்காம் என்ற அசல் கம்ப்யூட்டர் படக் கோப்புதான் வேண்டும். எம்.ஆர்.ஐ எடுத்த அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். பத்து நாள் கழித்துக் கேட்டால் அலைய வேண்டியிருக்கும். மற்றவை: ஆதார், காப்பீட்டு அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, கடைசியாக வலிப்பு வந்த தேதியும் நேரமும். வலிப்பு வந்து சில மணி நேரத்துக்குள் பெட் எடுத்தால், வலிப்பு தொடங்கிய மூளைப்பகுதியே கட்டி போல ஒளிரக்கூடும். அதனால்தான் அந்த நேரத்தைக் கேட்கிறோம்.

ஐந்தாவது படி: ஸ்கேன் நாள்

ஃப்ளூரின்-18 மருந்து உங்கள் பெயருக்கு, உங்கள் நேரத்துக்குக் கணக்குப் பண்ணி வருகிறது. இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனால் பாதி மருந்து காற்றில் கரைந்த மாதிரிதான். பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ வருகிறவர்கள் முந்தின இரவே போய்த் தங்கிவிடுவது உத்தமம். காலை எட்டு மணி அப்பாயிண்ட்மெண்டை நம்பி விடியற்காலை பஸ் ஏறினால் ஓசூரிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ மாட்டிக்கொள்ள நேரிடும்.

எஃப்.டி.ஜி என்றால் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். டீ, காபி, இளநீர், குளுக்கோஸ் தண்ணீர், ஒரு மிட்டாய்கூடக் கூடாது. எஃப்.இ.டி-க்கு நான்கு மணி நேரம் போதும். அதில் சிக்கல் புரதம்தான், ஆகவே முந்தின வேளை பால், முட்டை, பருப்பு, கறி என்று வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். வலிப்பு மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. ஒரு வாய் தண்ணீரோடு வழக்கமான நேரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறு என்றதும் அதையும் நிறுத்திவிட்டு வந்து, காத்திருக்கும் அறையிலேயே வலிப்பு வந்தவர்கள் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் எத்தனை மணிக்குப் போடலாம் என்று முந்தின நாளே போனில் கேளுங்கள்.

கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தலைக்கு மட்டும் பெட்-சி.டி என்றால் தாலி இடைஞ்சல் இல்லை. உடல் முழுக்க என்றாலும், எம்.ஆர்.ஐ சேர்ந்தது என்றாலும் கழற்றச் சொல்வார்கள். அதற்காக மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு முடிந்து எடுத்துவரும் அம்மாக்களைப் பார்க்கிறேன். நல்ல ஏற்பாடு, கடைசி நேரக் கண்ணீர் மிச்சம்.

ஊசி ஈயம் அல்லது டங்ஸ்டன் உறை போட்டு வரும், பார்க்கக் கனமாக இருக்கும். வலி ஒரு சாதாரண ஊசி அளவுதான். எஃப்.டி.ஜி-யில் ஊசி போட்டபின் மங்கலான அறையில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் சும்மா சாய்ந்திருக்க வேண்டும். போன் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், படம் குழம்பும். எஃப்.இ.டி-யில் கிரேடு பார்ப்பதாக இருந்தால் நடைமுறை வேறு. கருவிக்குள் படுக்கவைத்து, ஊசி போட்ட நொடியிலிருந்தே படமெடுக்கத் தொடங்கி சுமார் 40 நிமிடம் தொடர்ந்து எடுப்போம். தலை அசையவே கூடாது. அவ்வளவு நேரம் அசையாமல் படுக்க முடியாதவர், வயதானவர், குழந்தை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதையும் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் ஊசி போடும் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைக் கேட்டார்: "ஏங்க சார், எங்க ஊரு தண்ணியில இருக்கிற ஃப்ளோரைடாலதான் பல்லு கறையாச்சு, முட்டி தேஞ்சுபோச்சுன்னாங்க. இப்ப அதையே ஊசியில ஏத்துறீங்களே?" மிக நியாயமான கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே நம் இரண்டு மாவட்டங்களின் ஃப்ளோரைடு பிரச்சினையை மனதில் வைத்து வந்ததுதானே. "இல்லைங்கம்மா, தண்ணியில வருஷக்கணக்கா சேர்ந்தது வேற கணக்கு. இதுல இருக்கிறது தராசுல நிறுக்க முடியாத அளவு. அதுவும் ராத்திரிக்குள்ள பெரும்பாலும் ஆக்சிஜனா மாறிடும்" என்றேன். உண்மையும் அதுதான். ஃப்ளூரின்-18 அணு சிதைந்தால் ஆக்சிஜன்-18 ஆகிறது. ஒரு ஊசியில் இருக்கும் கதிரியக்க ஃப்ளூரின் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

கதிர்வீச்சு அளவு? மூளைக்கு மட்டும் எடுக்கும்போது மருந்தினால் வருவது சுமார் 3 முதல் 4 மில்லிசீவர்ட். மண், பாறை, வானம் என்று இயற்கையிலிருந்தே உலக சராசரியாக ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. கட்டியின் தன்மையைத் தெரிந்துகொள்ள இது ஏற்கத்தக்க விலை என்பது என் உறுதியான எண்ணம். ஸ்கேன் முடிந்ததும் தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வோம். அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருங்கள். மறுநாள் காலை மருந்து ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும்.

ஆறாவது படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லாரும் எஸ்.யு.வி மேக்ஸ் என்ற எண்ணைத் தேடுவார்கள். அது கட்டி எவ்வளவு மருந்தை இழுத்தது என்பதன் அளவு. தனியாக அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மருந்துக்கு மருந்து, கருவிக்குக் கருவி மாறும். பக்கத்துப் படுக்கைக்காரருடைய எண்ணோடு ஒப்பிட்டு அழ வேண்டாம்.

மூளையில் முக்கியமானது ஒப்பீட்டு விகிதம், அதாவது கட்டி இழுத்தது நல்ல மூளை இழுத்ததைப்போல எத்தனை மடங்கு என்பது. எஃப்.இ.டி-யில் 1.6 மடங்குக்கு மேல் ஒளிரும் இடத்தைக் கட்டியின் எல்லையாக எடுத்துக்கொள்வது வழக்கம். எஃப்.டி.ஜி-யில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. மூளையின் வெள்ளைப் பகுதியைப்போல 1.5 மடங்குக்கு மேலும், சாம்பல் பகுதியைப்போல 0.6 மடங்குக்கு மேலும் இருந்தால் உயர் கிரேடு என்று சந்தேகிப்போம்.

எஃப்.இ.டி-யின் தனி வசதி என்றேனே, அது நேரக் கோடு. அந்த 40 நிமிடத்தில் கட்டிக்குள் மருந்து எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு வரைபடம் வரும். ஊசி போட்டதிலிருந்து மெதுவாக ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் மெதுவான கட்டி. இருபது நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கத் தொடங்கினால் வீரியமான கட்டி என்ற சந்தேகம் வலுக்கும். எம்.ஆர்.ஐ-யில் சாதுவாகத் தெரிந்து, இந்தக் கோட்டில் மட்டும் சீக்கிரம் உச்சி தொட்ட கட்டிகள், பின்னால் மரபணுச் சோதனையில் கிரேடு 4 கட்டியான கிளையோபிளாஸ்டோமா என்று வருவதுண்டு. பெட்டை விரும்பிச் செய்கிறவர்கள் இதற்காகத்தான் அத்தனை பாடுபடுகிறோம். ரிப்போர்ட்டில் இந்தக் கோடு பற்றி ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், பெரும்பாலும் தொடர் படம் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பெட் ஏமாற்றும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒலிகோடெண்ட்ரோகிளையோமா என்ற கிளையோமா வகை கிரேடு 2-ஆக இருந்தாலும் அமினோ அமிலத்தை நன்றாக இழுக்கும், நேரக் கோடும் சீக்கிரம் உச்சி தொடலாம். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா கிரேடு 1-ஆக இருந்தும் ஒளிரும். நம் நாட்டில் மூளைக்குள் காசநோய்க் கட்டியும் நாடாப்புழுக் கட்டியும் சாதாரணமாகப் பார்க்கிறோம். சீழ்க்கட்டி, காசநோய்க் கட்டி எல்லாம் எஃப்.டி.ஜி-யில் புற்றுநோய் மாதிரியே எரியும். ஒளிர்வதெல்லாம் கேன்சர் கிடையாது. மறுபக்கம், கிரேடு 2 கட்டிகளில் ஒரு பகுதி எஃப்.இ.டி-யில் ஒளிராமலே இருக்கும். பெட் நார்மல் என்பதால் கட்டியே இல்லை என்று எண்ணி ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஏழாவது படி: சர்ஜனிடம் உட்கார்ந்து பேசுங்கள்

ரிப்போர்ட்டோடு போகும்போது கேட்க வேண்டியவை சில. ஒளிரும் இடம் ஊசிக்கோ கத்திக்கோ எட்டுமா? சதையை அந்த இடத்திலிருந்தே எடுப்பீர்களா? பெட் படத்தை நேவிகேஷனில் ஏற்றுவீர்களா? எம்.ஆர்.ஐ காட்டும் எல்லைக்கும் பெட் காட்டும் எல்லைக்கும் வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால், பேச்சுக்கும் கைக்கும் கெடுதல் வராமல் எதுவரை எடுக்க முடியும்? நல்ல சர்ஜன் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார், திரையிலேயே படத்தைக் காட்டிச் சொல்வார். வீட்டில் முடிவெடுக்கும் பெரியவர் யாரோ அவரையும் கூட்டிப்போங்கள். ஒருவர் கேட்டுவந்து ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லும்போது பாதி சேதி தொலைந்துபோகும்.

வீரியமானது என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் தேதியைத் தள்ளாதீர்கள். மாங்காய் சீசன் முடியட்டும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று இரண்டு மாதம் போக்கிவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. மெதுவான கட்டி என்று தெரிந்தால் அவகாசம் இருக்கலாம். அதையும் சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த கட்டத்துக்கான திட்டமும் இப்போதே தேவை. கிளையோபிளாஸ்டோமா என்று வந்தால் ஆபரேஷனுக்குப் பின் வழக்கமான சிகிச்சை ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று 30 முறை கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. ஆறு வாரம் எந்த ஊரில் தங்குவது, கூட யார் இருப்பது, மாட்டையும் தோட்டத்தையும் யார் பார்ப்பது என்பதைப் பெட் ரிப்போர்ட் கையில் இருக்கும்போதே பேசிவைத்துக்கொள்ளலாம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வைத்துக் கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்தில் எடுக்கலாம். ஆபரேஷனுக்குக் கிடைக்கும் அனுமதியில் பெட் ஸ்கேன் சேருமா, எந்த மருந்துக்குச் சேரும், பெங்களூரில் நீங்கள் போகும் ஆஸ்பத்திரி இந்தக் காப்பீட்டின் பட்டியலில் இருக்கிறதா என்பதை அங்கேயுள்ள காப்பீட்டு கவுண்டரில், பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கட்டியபின் கேட்டால் திரும்ப வாங்குவது கடினம்.

ஆபரேஷன் முடிந்தபின் எடுத்த சதை மெழுகுக் கட்டியாகப் பதப்படுத்தப்பட்டு லேபில் இருக்கும். ஐ.டி.எச்., 1பி/19க்யூ, எம்.ஜி.எம்.டி போன்ற சோதனைகள் அதிலிருந்துதான் நடக்கும். சில சோதனைகளை வேறு ஊருக்கு அனுப்பிச் செய்வார்கள். எந்தெந்தச் சோதனை கேட்டிருக்கிறார்கள், எப்போது முடிவு வரும் என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள். பெட் படங்கள் பதிந்த சி.டி தட்டையும் ரிப்போர்ட்டையும் வெயில் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள், ஒரு நகல் பென்டிரைவிலும் இருக்கட்டும். கதிர்வீச்சு முடிந்து சில மாதங்களில் எம்.ஆர்.ஐ-யில் புதிதாக ஏதாவது மின்னினால், கட்டி திரும்பியதா, கதிர்வீச்சின் புண்ணா என்ற கேள்வி வரும். அப்போது மறுபடி பெட் எடுக்கச் சொல்வார்கள். முதலில் எடுத்த அதே மருந்தில், முடிந்தால் அதே கருவியில் எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும்.